கோணக்குறிக்குப் பின்னால்: மும்பைத் தமிழரின் மின்னஞ்சல் எழுத்து

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதன் கட்டண அட்டவணையிலேயே எழுத்து வரலாற்றுக்கு உரிய செய்தி ஒன்று இருந்தது. படமும் வண்ணமும் தெரியும் முழு இணைப்புக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். எழுத்து மட்டும் தெரியும் 'ஷெல்' கணக்கு 5,000 ரூபாய். மாணவர்க்கு அதே எழுத்துக் கணக்கு 500 ரூபாய். ஆக, பம்பாயின் சாதாரண வருவாய்க் குடும்பங்களிலிருந்து இணையத்துக்குள் நுழைந்த முதல் தலைமுறைக்கு இணையம் என்பது எண்பது எழுத்து அகலமும் இருபத்து நான்கு வரி உயரமும் கொண்ட ஒரு கறுப்புத் திரை. அதில் கடிதம் எழுதக் கிடைத்த கருவி, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் உருவாகத் தொடங்கிய 'பைன்' என்னும் மடல் நிரல். அதனுள் அமைந்த 'பிகோ' என்னும் சிறிய உரைத்திருத்தியில்தான் மடல் பிறக்கும்.

பிகோவின் கட்டளைகள் திரையின் அடியிலேயே இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருக்கும். கன்ட்ரோல் விசையோடு 'ஜே' அழுத்தினால் பத்தியின் வரிகள் ஒழுங்குபடும். 'ஆர்' அழுத்தினால் முன்பே எழுதிவைத்த கோப்பு மடலுக்குள் வந்து அமரும். 'எக்ஸ்' அழுத்தினால் மடல் போய்விடும். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தொலைபேசிக் கட்டணத்தில் ஏறும் என்பதால், சிக்கனமானவர்கள் மடலைத் தம் கணினியிலேயே எழுதி முடித்துவிட்டுப் பிறகு இணைப்பை ஏற்படுத்தினார்கள். பிகோ போதாது என்று கருதியவர்கள் 'விஐ', 'ஈமாக்ஸ்' முதலிய பெரிய திருத்திகளைப் பைனுக்குள் பொருத்திக்கொண்டார்கள். அதற்கும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருந்தது.

இன்றைய கைபேசியில் மடல் எழுதுபவர் சொல்ல வந்ததை மட்டும் எண்ணினால் போதும். பெயர், முகவரி, நாள், மேற்கோள், எழுத்துரு அனைத்தையும் செயலியே பார்த்துக்கொள்கிறது. அன்றைய திரையிலோ தம் பெயரை எப்படிக் காட்டுவது, வரியை எங்கே முறிப்பது, பிறர் சொன்னதை எப்படிக் குறிப்பது, தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா ரோமன் எழுத்தில் எழுதுவதா என்பது வரை எழுதுபவரே முடிவெடுக்க வேண்டியிருந்தது. மொழியியல் நோக்கில் இம்முடிவுகள் ஒவ்வொன்றும் தரவு. மும்பைத் தமிழர் மடல்களில் அந்தத் தரவு கூடுதல் அடர்த்தி கொண்டது. இரண்டு எழுத்து மரபுகளுக்கு நடுவே அமர்ந்து எழுதியவர்கள் அவர்கள்.

அவர்களுக்குக் கடித மரபு ஒன்றும் புதிதன்று. தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களும், மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்த அலுவலக வர்க்கத்தினரும், அங்கிருந்து செம்பூருக்குப் பரவியவர்களும் ஊரோடு தொடர்பைக் காத்தது அஞ்சல் வழியாகத்தான். மணியார்டர் படிவத்தின் ஒரு பகுதி, பணம் அனுப்புபவர் பெறுபவருக்கு ஓரிரு வரி எழுதுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. விரல் அகல இடம். அதற்குள் 'நலம்' என்பதும், பணம் எதற்கு என்பதும், தங்கையின் படிப்புப் பற்றிய விசாரிப்பும் அடங்க வேண்டும். மின்னஞ்சல் வருவதற்கு வெகு முன்பே, அளவிட்ட பெட்டிக்குள் செய்தியை அமைக்கும் கலையைத் தாராவித் தொழிலாளி பழகியிருந்தார். 2015இல் அஞ்சல் துறை பழைய மணியார்டர் முறையை நிறுத்தியபோது அந்தச் சிற்றிலக்கிய வடிவமும் உடன் முடிந்தது. அதைச் சேகரித்தவர் உண்டா என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.

இன்லண்ட் லெட்டரில் இடம் சற்றுத் தாராளம். அதனால் சடங்குக்கும் இடமிருந்தது. உச்சியில் 'உ' என்னும் பிள்ளையார் சுழி. வலப்புறம் ஊரும் நாளும். பெறுபவரின் உறவுமுறைக்கு ஏற்ற விளி. 'நலம், நலமறிய அவா.' பிறகு செய்தி. ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் 'நிற்க'. இறுதியில் 'மற்றவை பின்', 'இப்படிக்கு'. இந்தச் சட்டகம் பைன் திரையில் என்ன ஆனது என்பதைப் பார்த்தால், உரைத்திருத்தி வெறுங்கருவி அன்று என்பது விளங்கும். ஊரும் நாளும் தலைப்புவரிகளுக்குள் போய்விட்டன. நாளைக் கணினி எழுதியது, ஊரை யாரும் எழுதவில்லை. 'இப்படிக்கு' என்பதன் இடத்தைக் கையொப்பக் கோப்பு பிடித்தது. ஒரு முறை எழுதிவைத்தால் ஒவ்வொரு மடலின் அடியிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் கோப்பு அது. இரண்டு சிறு கோடும் ஓர் இடைவெளியும் கொண்ட வரிக்குக் கீழே, நான்கு வரிக்கு மிகாமல் கையொப்பம் இருக்க வேண்டும் என்பது செய்திக்குழுக்களின் நாகரிகம். விளியும் 'நிற்க'வும் மட்டும் எழுதுபவரின் கையிலேயே எஞ்சின. 'நிற்க' விரைவில் வழக்கொழிந்தது. பொருள் மாறினால் ஒரு வெற்று வரி விடுவது திரையில் எளிது. இன்லண்ட் லெட்டரில் வெற்று வரி விடுவது ஊதாரித்தனம்.

1997இல் தாராவியில் வசித்தபடி, மாட்டுங்காவின் விஜேடிஐ, யுடிசிடி போன்ற கல்வி நிலையம் ஒன்றில் படிக்கும் மாணவர் ஒருவர், மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்ற நண்பருக்கு மடல் எழுத அமர்வதாகக் கொள்ளலாம். அவர் முதலில் சந்திப்பது பெயர்ச் சிக்கல். பைனின் அமைப்புக் கோப்பில், அனுப்புநர் வரியில் முகவரியோடு தோன்ற வேண்டிய பெயருக்கென ஒரு வரி உண்டு. தமிழ்நாட்டு வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும் போதும். மகாராஷ்டிரத்துப் படிவங்கள் பெயர், தந்தை பெயர், குலப்பெயர் என்னும் வரிசையைக் கேட்பவை. மூன்றாம் கட்டத்தை நிரப்ப மும்பைத் தமிழர் பலர் நாடார், தேவர், கோனார், ஐயர் என்று எழுதினார்கள். வேறு சிலர் தந்தை பெயரையே குலப்பெயராக்கினார்கள். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பின்னொட்டுகளைக் கைவிடச் சொன்னது. அதன் விளைவாகத் தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் மறைந்த பின்னொட்டு, தாராவியின் பள்ளிப் பதிவேட்டில் உயிரோடு இருந்தது.

பதிவேட்டில் உள்ளது மாணவரின் தேர்வு அன்று. பைனின் பெயர் வரி அவருடைய தேர்வு. அங்கே குலப்பெயரை அழித்துவிட்டு முன்னெழுத்தை மட்டும் வைக்கலாம். கல்லூரி நண்பர்களுக்குப் புரியும் மூன்று சொல் பெயரை வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே கையொப்பக் கோப்பில் இன்னொரு வடிவத்தை வைக்கலாம். ஒரே மடலில் அனுப்புநர் வரியில் ஒரு பெயரும் கையொப்பத்தில் ஒரு பெயரும் இருந்தால், அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவதற்கு முன் ஆய்வாளர் ஒரு கணம் தயங்க வேண்டும். இரண்டு வாசகர்களுக்கு இரண்டு முகம் காட்ட வேண்டிய நகரத்தில் அமர்ந்து எழுதப்பட்ட மடல் அது.

அடுத்தது எழுத்து. இங்குதான் மும்பைத் தமிழரின் நிலை தனித்தன்மை பெறுகிறது. ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் தமிழில் பெயர் சொல்லி எழுதும்போது இரண்டுமே 'டி' ஆகிவிடுகின்றன. ஒலிப்பிலா ஒலிக்கும் ஒலிப்புடை ஒலிக்கும் தமிழ் எழுத்து வேறுபாடு காட்டாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று தேவையில்லை. ஆகவே இங்கே அவற்றை எண்ணால் குறிப்பதே தெளிவு. தென்னாட்டு வழக்கில் இருபதாம் எழுத்தோடு 'எச்' சேர்த்தால் 'த'. தனியே நின்றால் 'ட'. வடநாட்டு வழக்கில் தனியே நிற்கும் இருபதாம் எழுத்தே பல்லொலியாகிய 'த'வையும் குறிக்கும். 'எச்' சேர்ந்தால் அது மூச்சொலி கலந்த வேறோர் எழுத்து. லதா, கீதா, சுஜாதா என்னும் பெயர்களைத் தென்னாட்டார் 'எச்' இட்டு எழுதுவதும் வடநாட்டார் இடாமல் எழுதுவதும் இதனால்தான். செம்பூர்ப் பள்ளியின் மராத்தி ஆசிரியர், 'எச்' இட்ட கீதாவைப் பதிவேட்டிலிருந்து வாசிக்கும்போது அந்தச் சிறுமியின் பெயரில் இல்லாத மூச்சொலி ஒன்று வந்து சேரும்.

ரோமன் எழுத்தில் தமிழை உள்ளிடும் முறைகளும் இதே பிளவைச் சுமந்தன. 1990களின் தொடக்கத்தில் அவினாஷ் சோப்டே உருவாக்கிய 'ஐடிரான்ஸ்' முறையில் சிறிய இருபதாம் எழுத்து 'த', பெரியது 'ட'. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' முறையில் 'எச்' சேர்ந்தால் 'த', சேராவிட்டால் 'ட'. முன்னது இந்திப் பாடல்களையும் சமஸ்கிருத நூல்களையும் இணையத்தில் ஏற்றியவர்களிடம் பரவியது. பின்னது, பெயரே சொல்வதுபோல், தமிழ் மடலுக்கென எழுந்தது. சென்னைவாசிக்கு இரண்டாவது இயல்பு. மும்பைத் தமிழரோ தமிழ் நண்பருக்கு எழுதும்போது ஒரு மரபிலும், இந்தி கலந்து எழுதும்போது இன்னொரு மரபிலும், பல சமயம் ஒரே வரியில் இரண்டிலும் எழுத வேண்டியிருந்தது.

அவர்கள் வாழும் இடங்களின் பெயர்களே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாராவியின் ஆங்கில எழுத்துக்கூட்டில் நான்காம் எழுத்தும் 'எச்'சும் முதலில் வருகின்றன. மராத்தியர் அதை மூச்சொலி கலந்த ஒலிப்புடை ஒலியாக வாசிக்கிறார்கள். தென்னாட்டு மரபில் அதே கூட்டு, 'த'வின் ஒலிப்புடை வடிவத்தைக் குறிக்கும். எழுத்துக்கூட்டு ஒன்று, வாசிப்பு இரண்டு; இருவருக்கும் அது தம் மரபாகவே தோன்றும். தமிழில் 'தாராவி' என்று எழுதினால் சொல்முதல் வல்லினம் ஒலிப்பின்றி வரும் என்னும் விதிப்படி, ஊரை அறியாத வாசகர் மூன்றாவது ஒலியைத் தருவார். மாட்டுங்கா இன்னும் சுவையானது. மராத்தியில் அங்கே ஒற்றை டகரம்தான் உண்டு, அதுவும் ஒலிப்பில்லாதது. தமிழில் ஒற்றை டகரம் உயிர்களுக்கு இடையே ஒலிப்புடை ஒலியாகிவிடும் என்பதால், தமிழர் ஒற்றை இரட்டித்து 'மாட்டுங்கா' ஆக்கினார்கள். எழுத்தை இரட்டித்தது ஒலியைக் காப்பதற்காக. செம்பூருக்கு அந்தப் பாடும் தேவைப்படவில்லை; 'செம்' என்றும் 'ஊர்' என்றும் காதில் விழுந்ததால் அது தமிழ்ப் பெயராகவே மாறிவிட்டது. செட்டா நகர் முருகன் கோயிலுக்குத் 'திருச்செம்பூர்' என்று திருச்செந்தூரின் சாயலில் பெயர் அமைந்ததும் அந்தச் செவிப்புலனின் வேலைதான்.

ரோமன் எழுத்துத் தமிழ் என்றாலே முகம் சுளிப்பது தமிழ்த்துறை வழக்கம். எழுத்து மொழியின் உயிர் என்னும் உணர்வு அதன் பின்னால் இருப்பது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் மொழியியல் தரவாகப் பார்க்கும்போது அந்த மடல்களுக்கு வேறு மதிப்பு உண்டு. 'கோலி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் அது ஒன்றே. மும்பைத் தமிழரின் பேச்சில் மூன்று. 'கே'யும் 'எச்'சும் சேர்ந்து தொடங்கினால் சாலில் உள்ள அறை. 'ஜி'யில் தொடங்கினால் சிறுவர் விளையாடும் குண்டு, அல்லது மருந்து மாத்திரை. வெறும் 'கே'யில் தொடங்கினால் மும்பையின் மண்ணின் மைந்தரான மீனவச் சமூகம். தாராவிக்குள்ளேயே கோலிவாடா உண்டு. அறைக்கு வாடகை கொடுத்தாரா, மாத்திரை வாங்கினாரா, மீனவரிடம் பேசினாரா என்பதைப் பிகோவில் எழுதியவர் ஒரே ஓர் எழுத்தால் வேறுபடுத்தினார். முதுகலை வகுப்பில் தமிழ் வல்லினங்களின் மாற்றொலிகளைப் பற்றிக் கற்பிக்கையில், கடன்சொற்கள் வழியாக இவ்வேறுபாடு ஒலியன் தகுதி பெறுகிறதா என்னும் கேள்வி தவறாமல் எழும். அதற்குத் தகவலாளியை அமர்த்திக் கேட்டுப் பெறும் விடையைவிட, ஆய்வாளர் எவரும் கேட்காதபோது நண்பருக்கு எழுதிய மடலில் கிடைக்கும் விடைக்கு எடை கூடுதல்.

தமிழ் எழுத்திலேயே மடல் எழுதும் வழியும் அதே ஆண்டுகளில் உருவானது. சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு, முரசு அஞ்சல், சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் குழு, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்று அந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. இணையவழி விவாதத்திலேயே வடிவம் பெற்ற 'டிஸ்கி' குறியாக்கம், 256 இடங்களின் கீழ்ப்பாதியில் ஆங்கிலத்தையும் மேற்பாதியில் தமிழையும் வைத்தது. சிக்கல் அந்த மேற்பாதியில்தான். 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறை ஏழு பிட் எழுத்துகளை மட்டுமே கொண்டுசெல்லக் கடமைப்பட்டது. மேற்பாதி எழுத்துகளுக்கு எட்டாவது பிட் தேவை. வழியில் உள்ள ஏதேனும் ஒரு பழைய கணினி அந்த எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால், ஒவ்வொரு தமிழ் எழுத்தின் எண்ணிலிருந்தும் 128 கழிந்துவிடும்.

'தமிழ்' என்ற சொல்லுக்கு இது என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டிஸ்கியில் 'த' 190. கழித்தால் 62, அது > என்னும் கோணக்குறி. 'ம' 193, கழித்தால் 65, ஆங்கிலப் பெரிய 'ஏ'. இகரக் கொக்கி 162. கழித்தால் 34, இரட்டை மேற்கோள் குறி. 'ழ்' 250; கழித்தால் 122, ஆங்கிலச் சிறிய 'இசட்'. இந்த இறுதி எழுத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அஞ்சல் முறையில் ழகரத்தை உள்ளிட அழுத்த வேண்டிய எழுத்தும் அதே 'இசட்'தான். எல்லாம் சிதைந்த பிறகும் ழகரம் மட்டும் தன் ரோமன் வேடத்தில் பிழைத்து நிற்கிறது, தற்செயலாகத்தான் என்றாலும்.

முதல் எழுத்தின் கதை வேடிக்கை அன்று. கோணக்குறி வரியின் தொடக்கத்தில் நின்றால், மடல் உலகில் அதற்கு ஒரே பொருள்: இது பிறர் சொன்னது. பைனில் பதில் எழுதத் தொடங்கினால், வந்த மடலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தக் குறி இடப்படும். பதிலுக்குப் பதில் என்றால் இரண்டு குறி, பிறகு மூன்று. யார் சொன்னது யாருடையது என்பதைக் காட்டும் ஒரே அடையாளம் அது. எட்டாவது பிட்டை இழந்த மடலில் தகரத்தில் தொடங்கிய வரி அனைத்தும், எழுதியவரின் சொந்தக் கூற்றாக இருந்தும், மேற்கோளாகத் தோற்றம் தரும். இதைத் தவிர்க்க 1992இல் வகுக்கப்பட்ட 'மைம்' முறை ஒவ்வொரு மேற்பாதி எழுத்தையும் சமக்குறியும் இரு இலக்கமுமாக மாற்றி அனுப்ப வழி செய்தது. நான்கு எண்ணில் அடங்கிய 'தமிழ்' பன்னிரண்டு எழுத்துகளாக நீளும். பெறுபவரின் நிரல் அதைத் திரும்ப மாற்றத் தெரிந்திருந்தால் நலம்.

மேற்கோளுக்கு முன்னால் வரும் அறிமுக வரியும் கவனத்துக்கு உரியது. இன்ன நாளில் இன்னார் எழுதினார் என்று ஆங்கிலத்தில் பைன் தானாகவே எழுதிவைக்கும். பிற்காலப் பதிப்புகளில் அதை விரும்பியபடி மாற்றிக்கொள்ள இடமிருந்தது. ஆங்கிலத்தில் பெயர், வினை, முக்காற்புள்ளி, பிறகு மேற்கோள். தமிழின் இயல்பு வேறு. கூற்று முதலில் வரும். 'என்று', 'என', 'என்றார்' என்பன பின்னால் வரும். உரையாசிரியர்கள் 'என்க', 'என்பது', 'என்றார் ஆகலின்' என்று முடித்துச் சென்ற மரபு அது. மேற்கோளுக்கு முன்னால் வினையை வைக்கச் சொல்லும் கட்டத்தில் தமிழர் என்ன எழுதுவது? 'எழுதினார்' என்றால் நண்பனுக்கு மரியாதை மிகுதி. 'எழுதினான்' என்றால் பேராசிரியருக்குக் குறைவு. பெண்ணுக்கு இரண்டும் பொருந்தா. ஒரு முறை எழுதிவைத்து எல்லோருக்கும் பயன்படுத்த வேண்டிய வரியில் திணையும் பாலும் மரியாதையும் கொண்ட வினைமுற்று அடங்காது. தமிழ் மடல்களில் நிலைபெற்ற தீர்வு 'எழுதியது' என்பது. வினையாலணையும் பெயரின் அஃறிணை வடிவம், எழுதியவரைக் குறிக்காமல் எழுதப்பட்டதைக் குறிக்கிறது. ஆகவே ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்னும் கேள்விக்கே இடமில்லை. நிரலின் ஒரு கட்டத்தை நிரப்பும் தேவையிலிருந்து, இலக்கண நூலில் எப்போதும் இருந்த ஒரு வடிவம் புதிய வேலைக்கு வந்தது. தமிழில் கணினிக் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும் கருத்தரங்குகள் பெயர்ச்சொற்களையே சுற்றி வருகின்றன. இத்தகைய வினைவடிவத் தீர்வுகள் எவர் கண்ணிலும் படுவதில்லை.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வெளிவந்தது. யூனிகோடு அடிப்படையில் தமிழைக் காட்டும் எழுத்துரு அதில் உடன் வந்தது. அதன் பெயர் லதா. அதை வடிவமைத்தது சென்னையும் அன்று, சிங்கப்பூரும் அன்று. ஐஐடி பம்பாயின் தொழில்துறை வடிவமைப்பு மையத்தில் பேராசிரியராக இருந்த, மராத்திக் கவிஞரும் எழுத்தோவியருமான ரா. கி. ஜோஷி, மும்பை ஜுகுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தோடு இணைந்து இந்திய மொழிகளுக்கு வடிவமைத்த எழுத்துருக்களில் ஒன்று அது. ஸ்ரீனிவாசன் ரமணி இயக்குநராக இருந்த அந்த மையம், 1986இல் தொடங்கிய எர்நெட் கல்வி வலையமைப்பின் முதல் எட்டு உறுப்பினர்களுள் ஒன்று. இந்தியாவில் மின்னஞ்சல் வேர் பிடித்த இடங்களில் ஒன்றும் அதுவே. உலகத் தமிழர் ஆண்டுக்கணக்கில் மடல் எழுதிப் படித்த எழுத்து வடிவம் மும்பையில் ஒரு மராத்தியரின் கையில் உருவானது என்பதும், அதன் ஆங்கிலப் பெயரில் தென்னாட்டு 'எச்' தவறாமல் இடம்பெற்றது என்பதும் மும்பைத் தமிழ் பற்றிய ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பையேனும் பெறத் தக்கவை.

யூனிகோடு வந்ததும் சிக்கல்கள் உடனே மறைந்தன என்பது மிகை. 'தமிழ்' என்பது யுடிஎஃப்-8 முறையில் ஐந்து குறியெண், பதினைந்து பைட். பொருள் வரியில் அதை இட வேண்டுமானால் ஆங்கில எழுத்துகளாக மாற்றி, 75 எழுத்துக்கு மிகாத துண்டுகளாக நறுக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டு விதி. முன்னும் பின்னும் இடும் அடையாளங்களைக் கழித்தால் ஒரு துண்டில் பதினைந்து தமிழ்க் குறியெண்களே கொள்ளும். மணியார்டர் படிவத்தின் இடம் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. நெடுங்காலம் பலர் மடலைத் தமிழில் எழுதியும் பொருள் வரியை மட்டும் ரோமன் எழுத்தில் விட்டுவைத்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

இன்று ஆய்வுக்கு எழும் கேள்வி, இந்த மடல்கள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பது. செய்திக்குழுப் பதிவுகளின் பெருந்தொகுப்பை 2001இல் கூகுள் கைக்கொண்டது; 2024 பிப்ரவரியோடு செய்திக்குழுக்களில் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. பழையவை படிக்கக் கிடைக்கின்றன. தனிமடல்கள் மாட்டுங்கா, செம்பூர் அடுக்ககங்களின் பரண்களில் நெகிழ்வட்டுகளிலும், மடித்துவைத்த அச்சுத்தாள்களிலும் கிடக்கின்றன. அவற்றைப் பெறும் மாணவர் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் 'தூய்மையாக்கல்'. தலைப்புவரிகளை நீக்குவது, கோணக்குறி வரிகளை நீக்குவது, கையொப்பத்தை நீக்குவது, எஞ்சிய ரோமன் எழுத்துத் தமிழை நிரல் கொண்டு தமிழ் எழுத்துக்கு மாற்றுவது. சொல்லெண்ணிக்கை எடுப்பதற்கு வசதியான கோப்பு கிடைத்துவிடும். மாற்றும் நிரலுக்குக் 'கே'யும் 'ஜி'யும் ஒரே ககரம். மூன்று கோலியும் ஒன்றாகிவிடும். 'எழுதியது' என்பது கோணக்குறி வரிகளோடு போய்விடும். இரண்டு பெயர்களில் ஒன்று தலைப்புவரியோடும் மற்றது கையொப்பத்தோடும் போய்விடும். இக்கோப்பை வைத்துக்கொண்டு மும்பைத் தமிழின் தனித்தன்மை குறைவு என்று முடிவு கூறும் ஆய்வேடு ஒன்று வருமானால், அதன் தரவு அப்படித்தான் சொல்லும்.

தலைப்புவரிகளைக் காப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இன்லண்ட் லெட்டரின் வலப்புற மூலையில் இருந்த ஊர்ப்பெயரை மின்மடலில் யாரும் எழுதவில்லை. விதேஷ் சஞ்சார் நிகாம் கணக்குகளின் முகவரியில் அது வேறு வடிவில் இருந்தது. சேவைப் பெயரின் சுருக்கமான ஜிஐஏஎஸ் என்பதை அடுத்து, பம்பாய்க் கணினிக்கு 'பிஎம்', மெட்ராஸ் கணினிக்கு 'எம்டி'. 1995இல் பம்பாய் மும்பையாயிற்று, 1996இல் மெட்ராஸ் சென்னையாயிற்று. முகவரிகள் பழைய பெயரிலேயே தொடர்ந்தன. 1990களின் பிற்பகுதியில் எழுதப்பட்ட ஒரு தமிழ் மடல் தாராவிப் பக்கத்திலிருந்து வந்ததா, திருவல்லிக்கேணியிலிருந்து வந்ததா என்பதைச் சொல்லும் புறச்சான்று பெரும்பாலும் அந்த இரண்டு எழுத்துகளே. தலைப்புவரி நீங்கிய தொகுப்பில் அவை இல்லை. எஞ்சுவது, வாடகை பற்றிய ஏதோ ஒரு வரியில் 'கோலி' என்னும் சொல்லை எழுதியவர் 'கே'யை அடுத்து 'எச்' இட்டிருக்கிறாரா என்பது. தமிழ் எழுத்துக்கு மாற்றிய கோப்பில் அதுவும் இல்லை.